பந்தயமும் மெய்யளவும்

ஒரு கூற்றுக்கு விடை எத்தனை என்பது தருக்க நூலார்க்கெல்லாம் பழையதொரு வினா. 'குடம் உண்டு' என்றால் அஃது உண்மையாதல் வேண்டும், அன்றிப் பொய்யாதல் வேண்டும், மூன்றாவதொன்று இல்லை என்பார் ஒரு சாரார். உண்மைக்கும் பொய்ம்மைக்கும் இடையே படிகள் பல உள என்பார் மற்றொரு சாரார். இவ்வினா நம் நாட்டிற் சமயவாதத்துள் வளர்ந்தது. மேலை நாட்டிலோ, சென்ற நூறாண்டுக்குள், பந்தயம் கட்டுவாருடைய கணக்கோடு சென்று கூடிற்று. பல்படி மெய்ம்மையுடைய நிகழ்ச்சிகளின்மேற் பந்தயம் ஏற்போன் அறிவொடு பொருந்த ஒழுகுதற்கு இலக்கணம் யாது? அவ்விலக்கணம் அவன்பால் உளதோ என்று ஆராய்தற்கு எத்துணைக் கணக்கு வேண்டும்? இவ்விரண்டனுள் முன்னையதற்கு 2006-ஆம் ஆண்டிலும், பின்னையதற்கு 2010-ஆம் ஆண்டிலும் விடை வெளிவந்தன. அவ்விடைகள் பிறந்த வரலாற்றை நம் தருக்க மரபின் அருகில் வைத்து நோக்குதலே இக்கட்டுரையின் கருத்து. சமணருடைய சியாத்துவாதமே இக்காலத்து நிகழ்தகவு நூல் என்று எழுதுவாரும் பேசுவாரும் உளராகலின், அவ்வொப்புமை எவ்வளவிற் பொருந்தும், எவ்விடத்து முறியும் என்பதும் ஈண்டுக் காட்டப்படும்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிக்கப்பட்டது. அதன்கண் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்திலே திருநறுங்கொண்டை என்னும் குன்று உளது. அக்குன்றின்மேற் பார்சுவநாதர் அப்பாண்டைநாதர் என்னும் பெயரால் இன்றும் வழிபடப்படுகின்றார். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களும் அங்குள. அட்ட வீரட்டத்துள் ஒன்றாகிய திருக்கோவலூர் இம்மாவட்டத்ததே. மெய்கண்ட தேவர் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர் எல்லை கடந்து விழுப்புரம் மாவட்டத்தில் நின்றுவிட்டதாயினும், நிலத்தான் அணித்தேயாம். ஆகவே, 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் பரபக்கத்துள் நிகண்டவாதியை ஒரு மதமாக எடுத்து நிறுத்தி மறுத்தபோது, தாம் நூலிற் படித்த தொலைநாட்டுக் கொள்கையை மறுத்தாரல்லர். அண்டை ஊரில் விளங்கிய கொள்கையையே மறுத்தார் என்க. இதனை நினைவிற் கொண்டு பரபக்கத்தைப் படிப்பார்க்கு அதன் சுவை வேறாகும்.

சியாத்துவாதத்தின் உடம்பு வருமாறு. ஒரு பொருளைப்பற்றி 'ஒருவாற்றான் உண்டு' எனலாம். 'ஒருவாற்றான் இல்லை' எனலாம். இரண்டனையும் ஒருங்கே சொல்லப் புகுங்கால் மொழி இடந்தராமையின் 'ஒருவாற்றாற் சொல்லொணாதது' எனலாம். இம்மூன்றும் தனித்தும், இரண்டிரண்டாய்க் கூடியும், மூன்றும் ஒருங்கு கூடியும் வர, ஏழு பங்கமாம். மூன்று தனிமை, மூன்று இரட்டை, ஒரு மும்மை: ஆக ஏழு. கணக்கு நூலார் இதனை இரண்டை மூன்றுமுறை பெருக்கி ஒன்று குறைத்தல் என்பர். அடிப்படை விடை நான்காயிருப்பின் பங்கம் 15 ஆம். பத்தாயிருப்பின் 1,023 ஆம். இவ்விரட்டிப்பு பின்னர் நமக்கு வேண்டப்படும்.

இக்கொள்கைக்கு எதிராகப் பிரம சூத்திரத்திலும் அதன் பாடியங்களிலும் வழங்கிய மறுப்பு, ஒரு பொருளின்கண் உண்மையும் இன்மையும் ஆகிய மாறுபட்ட இரண்டு ஒருங்கு நில்லா என்பதே. சமணர் அதற்கு, யாம் ஒரே நோக்கான் இரண்டும் கூறினேமல்லேம். மண் என்னும் நோக்கான் உண்டு, பொன் என்னும் நோக்கான் இல்லை என்கின்றேம் என்பர். நோக்கு வேறாயின் கூற்றும் வேறாகலின், ஒவ்வொரு கூற்றும் தன்னளவில் உண்மை அல்லது பொய் என இரண்டுள் ஒன்றாகவே முடியும். இங்ஙனமாயின் ஏழு பங்கம் என்பது கூற்றுக்களைத் தொகுக்கும் முறையன்றி, உண்மைக்கு ஏழு படி வகுக்கும் முறையன்று. மறுப்பாரும் மறுக்கப்படுவாரும் பல நூற்றாண்டு மலைந்ததன் பின்னும் இவ்விடம் இன்னும் தெளிவுபடாதிருத்தல் வியப்பே.

இனி, நம் சித்தாந்தத்திலேயே சத்து, அசத்து, சதசத்து என மூன்று கூறப்படுகின்றனவே, இதுவும் மும்மெய்த் தருக்கம் அன்றோ என்று இளைஞர் ஒருவர் எம்மை வினவியதுண்டு. அன்று. சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரம் சத்தும் அசத்தும் ஒன்றையொன்று அறியாமை கூறி, இரண்டனையும் அறிவது யாதோ அதுவே உயிர் என நிறுவுகின்றது. அவ்வுயிரைச் சதசத்து என்றல், சார்ந்ததன் வண்ணமாம் அதன் இயல்பு பற்றி. உண்மையிற் பாதியும் இன்மையிற் பாதியும் கலந்த கலவை என்பது அதற்குப் பொருளன்று. மேலும், 'உயிர் சதசத்து' என்னும் அக்கூற்றுத்தான் முழுதும் உண்மை. பொருளின் வகை மூன்றாதல் வேறு, கூற்றின் மெய்யளவு மூன்றாதல் வேறு. இவ்வேறுபாட்டை விட்டவர் பின்வருவன யாவற்றினும் இடறுவர்.

சியாத்துவாதத்தையும் நிகழ்தகவையும் முதன்முதல் அழுத்தமாக இணைத்துக் காட்டினார் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஆவர். 1931-ஆம் ஆண்டு கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும், 'சாங்கியா' என்னும் ஆராய்ச்சி இதழை நடத்தியவரும் அவரே. புள்ளியியலின் அடிப்படைகளைப்பற்றி அவர் 1954-இல் வெளியிட்ட கட்டுரையில், காசு சுண்டுதலை எடுத்துக்காட்டாக வைத்து, தலை விழுதலும் விழாமையும் ஆகிய இரண்டற்கும் மேலாக நிற்கும் சொல்லொணாமை என்னும் படியிலே நிகழ்தகவின் வித்தினைக் கண்டார். 1957-இல் ஆங்கில உயிர்நூற் பேரறிஞராகிய ஜே. பி. எஸ். ஹால்டேன் அதே இதழிற் சியாத்துவாதத்தைப்பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். அவர் அவ்வாண்டிலேயே இந்நாட்டிற் குடியேறி அந்நிறுவனத்திற் பணி ஏற்றவர். இருவரும் சிறிய அறிஞரல்லர். நம் பழைய நூல்களை மதித்து நோக்கிய நன்றியும் அவர்பால் நமக்கு உண்டு. எனினும், அவர் காட்டியது ஒருவகை ஒப்புமையே. சியாத்துவாதத்தில் எண் இல்லை. பத்துக்கு மூன்று, நூற்றுக்கு அறுபது என்னும் அளவு இன்றி நிகழ்தகவு என்பது பெயரளவே நிற்கும். அவ்வளவு எங்கிருந்து வந்தது என்று தேடின், சமயவாத மன்றத்தை விட்டுச் சூதாடு களத்துக்குச் செல்லுதல் வேண்டும்.

கல்வராயன் மலையிற் கடுக்காயும் தான்றியும் பழகியவர்க்குத் தான்றிக்காய் மருந்துச் சரக்கு. திரிபலையில் மூன்றில் ஒன்று அது. வேதகாலத்துச் சூதர்க்கோ அதுவே கவறு. விபீதகம் என்னும் அக்காய்களைக் குவித்து, அள்ளிய தொகையை நான்கு நான்காகக் கழித்து, மீதியின்றி முடியின் கிருதம், மூன்று எஞ்சின் திரேதம், இரண்டாயின் துவாபரம், ஒன்றாயின் கலி என்று ஆடினர் என்பர் ஆராய்ச்சியாளர். ஆகலின், குவியலைக் கண்டமாத்திரத்தே எண்ணும் திறனே ஆட்டத்தின் உயிர். பாரதத்து நளோபாக்கியானத்தில் இருதுபன்னன் தேரிற் செல்லும்போதே ஒரு தான்றிமரத்தை நோக்கி, உதிர்ந்த இலையும் காயும் மரத்திலிருப்பவற்றினும் 101 மிகும் எனவும், இரண்டு கிளைகளில் ஐந்து கோடி இலையும் 2,095 காயும் உள எனவும் கூறினன். நளன் தேரை நிறுத்தி மரத்தை வீழ்த்தி எண்ணிப்பார்த்து வியந்தான். தன் குதிரை நூலைக் கொடுத்து அவனுடைய கவற்று நூலைப் பெற்றான். தமிழிற் புகழேந்தியாரும் அதிவீரராம பாண்டியரும் பாடிய கதையே இது. நிகழ்தகவு நூலின் தோற்றத்தை ஆராய்ந்து 1975-இல் நூல் எழுதிய இயன் ஹாக்கிங் என்பவரும் இக்கதையை எடுத்துப் பேசுகின்றார். ஒருவன் விடையை நொடியிற் கூறுதலும், மற்றொருவன் அது சரிதானோ என்று உழைத்துச் சரிபார்த்தலும் இதன்கண் இரு வேறு தொழில்களாக நிற்றலை நோக்குக.

நம் அடியார் வரலாற்றிலும் சூதர் ஒருவர் உளர். திருவேற்காட்டு மூர்க்க நாயனார் அடியார்க்கு அமுதளித்துப் பொருள் முடிந்தபின், கற்றிருந்த நற்சூதினாற் பொருளீட்டி அத்தொண்டு தொடர்ந்தவர். முதலாட்டத்தில் தாம் தோற்றுப் பணயத்தை எதிரி கொள்ளவிட்டுப் பின்னாட்டங்களில் வெல்லுதல் அவர் முறை என்று பெரியபுராணம் கூறும். தோற்றும் கொடாது மறுத்தாரைச் சுரிகையாற் குத்தினமையின் அவர் மூர்க்கர் எனப்பட்டார். பந்தயத்தின் இலக்கணத்தில், ஏற்ற பணயத்தை மறாது கொடுத்தல் முதலாவது விதி. அதனை ஏட்டில் எழுதியவர் பிற்காலத்தார். சுரிகையில் எழுதியவர் நாயனார்.

ஏட்டில் எழுதியவருள் முதல்வர் இருவர். ஒருவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிராங்க் ராம்சே. 1926-இல் அவர் எழுதிய கட்டுரை, அவர் இருபத்தாறு வயதில் மறைந்தபின், 1931-இல் அச்சேறிற்று. மற்றவர் இத்தாலியரான புரூனோ டி பினெட்டி. அவர் 1931-இலும் 1937-இலும் வெளியிட்டவற்றில் இக்கொள்கையை விரித்தார். ஒருவன் ஒரு நிகழ்ச்சியை எவ்வளவு நம்புகின்றான் என்று அறிய அவன் வாய்ச்சொல்லைக் கேளற்க, அவன் குறிக்கும் விலையைக் கேட்க என்பது அவர் கருத்து. 'நாளை வெள்ளிமலையில் மழை பெய்யும்' என்பது உண்மையாயின் ஒரு ரூபாய் தரும் சீட்டுக்கு ஒருவன் 60 பைசா விலை குறிப்பானாயின், அவன் நம்பிக்கை அறுபது விழுக்காடு. அவ்விலைக்கே விற்கவும் வாங்கவும் அவன் உடன்படல் வேண்டும் என்பதே நிபந்தனை. இந்நிபந்தனை இல்லையேல் அவன் விலையைத் தன் பக்கமாகத் திரித்துக் கூறுவான்.

அவன் மழை பெய்யும் என்பதற்கு 60 பைசாவும், பெய்யாது என்பதற்கு 50 பைசாவும் குறிக்கின்றான் எனக் கொள்க. எதிரி இரண்டு சீட்டையும் அவனுக்கே விற்று 1 ரூபாய் 10 பைசா பெறுவான். மழை பெய்யினும் பெய்யாவிடினும் அவன் திருப்பிக் கொடுப்பது ஒரு ரூபாயே. விலை குறித்தவனுக்கு எந்த உலகத்தினும் 10 பைசா இழப்பு. இதனை மேலைநாட்டார் டச்சுப் புத்தகம் என்பர். யாம் உறுதியிழப்பு என்போம். தோல்வி என்பது வேறு, உறுதியிழப்பு என்பது வேறு. தோற்றவன் உலகம் தன் எண்ணப்படி நடவாமையாற் பொருளிழந்தான். உறுதியிழப்பிற்பட்டவன் உலகம் எப்படி நடப்பினும் இழப்பான், குற்றம் அவன் விலைப்பட்டியலிலேயே இருத்தலின்.

இக்குற்றம் எப்போதும் இவ்வளவு வெளிப்படையாய் இராது. வெள்ளிமலையில் மழை என்பதற்கு 40, கச்சிராயபாளையத்தில் மழை என்பதற்கு 30, இரண்டிடத்துள் ஓரிடத்தேனும் மழை என்பதற்கு 80 எனக் குறித்தான் ஆயின், தனித்தனி நோக்குவார்க்கு ஒன்றும் தோன்றாது. எதிரி மூன்றாவதை 80-க்கு விற்று முன்னிரண்டையும் 70-க்கு வாங்கின், 10 பைசா கையில் நிற்கும். மூன்றாவதற்கு அவன் கொடுக்கவேண்டிய ரூபாய் முன்னிரண்டுள் ஒன்றிலிருந்து தவறாது வந்துசேரும். உறுதியிழப்புக்கு இடங்கொடாத பட்டியலை இயைபுடையது என்க. இயைபுடைய விலைகள் நிகழ்தகவின் விதிகளுக்கு அடங்கியே நிற்கும், அடங்கி நிற்பன யாவும் இயைபுடையன என்று டி பினெட்டி நிறுவினார். சூதாட்டத்தின் அறிவு எண்ணாக மாறியது இவ்விடத்தே.

டி பினெட்டி பேசிய நிகழ்ச்சிகள் நடக்கும் அல்லது நடவா. இடைப்படி இல்லை. இடைப்படியை வகுத்தவர் போலந்து நாட்டு யான் லுகாசியேவிச் ஆவர். 1920-இல் அவர் உண்மை, பொய் என்னும் இரண்டற்கும் நடுவே அரை என்னும் மூன்றாவது மெய்யளவை அமைத்தார். நாளை நிகழ்வது இன்று உண்மையுமன்று பொய்யுமன்று என்பது அவர்க்குத் தோன்றிய காரணம். பின்னர்ப் படிகள் எண்ணிறந்தனவாகப் பெருகின. 0 முதல் 1 வரையுள்ள எவ்வெண்ணும் மெய்யளவாகலாம் என்றாயிற்று. 1935-ஆம் ஆண்டு பாரிசில் நிகழ்ந்த அறிஞர் மாநாட்டில் டி பினெட்டி இதுபற்றிப் பேசி, ஐயம் என்பது மூன்றாவது மெய்யளவன்று, அறிவான்பால் உள்ள குறையே என்று மறுத்தார். மூன்றாவதாக ஒன்றனை அவரும் கொண்டார். ஆனால் அது 'பந்தயம் நீங்கிற்று' என்பதாம். 'மழை பெய்யின் ஏரி உடையும்' என்று ஒட்டியவர்க்கு, மழையே பெய்யாவிடிற் பணயம் திரும்பும், வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை.

டி பினெட்டியின் மறுப்பு நமக்குப் புதிதன்று. சித்தியாரின் அளவையியலில் ஐயக்காட்சி, திரிபுக்காட்சி என்பன காண்பான்பால் நிகழும் குற்றங்களாகவே வைக்கப்பட்டன. குற்றியோ மகனோ என்று மாலைப்பொழுதில் ஐயுற்றவனுக்கு, அங்கு நிற்பது பாதி குற்றியும் பாதி மகனுமாகிய ஒன்று என்று ஆசிரியர் எவரும் கூறினாரல்லர். நின்றது ஒன்றே, அறிவுதான் இரண்டிடத்து ஊசலாடிற்று. எம் இளமையில் மடத்துப் பாடத்திலே இதனை ஒரு வரியிற் கடந்து சென்றோம். அவ்வொருவரியின் விலை இக்கணக்கு நூலைப் பயின்றபின்னரே நன்கு புலப்பட்டது.

அற்றேல், இடைப்படி மெய்யளவு பயனற்றதோ எனின், அற்றன்று. ஐயத்தினால் வாராத இடைப்படியும் உண்டு. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகி ஆற்றுக்குக் கச்சிராயபாளையத்தின் அருகே கட்டிய அணையின் முழு உயரம் 46 அடி. 'அணை நிறைந்துளது' என்னும் கூற்றை எடுத்துக்கொள்க. நீர் 46 அடி நிற்பின் அஃது உண்மை. நீரே இல்லையாயிற் பொய். 23 அடி நிற்பின்? ஈண்டு ஐயம் ஒருசிறிதும் இல்லை. அளவுகோல் கண்முன் நிற்கின்றது. கூற்றுத்தான் பாதியளவில் மெய்யாகின்றது. (நீரின் கொள்ளளவு அடிக்கு அடி ஒத்துப் பெருகாதென்பது உழவர் அறிவர், ஈண்டு உயரத்தையே அளவாகக் கொண்டாம்.) ஆகவே ஐயத்தின் அளவு ஒன்று, மெய்யின் அளவு ஒன்று என இரண்டு வேறாகப் பிரிந்தன. ஆடி மாதத்து இறுதியில் அணை எத்துணை நிறைந்திருக்கும் என்று சித்திரையில் வினவின், இரண்டும் ஒருங்கு கூடும்: நிற்கப்போகும் நீரின் உயரம் மெய்யளவு, அதனை இன்று அறியாமை ஐயம். பல்படித் தருக்கத்தில் நிகழ்தகவு என்பது இக்கூட்டத்தின் பெயர். இரண்டனுள் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதலே சியாத்துவாதத்தையும் நிகழ்தகவையும் ஒன்றென்பார்க்கு நேர்ந்த மயக்கம்.

இனி, அவ்வணையின்மேற் பந்தயம் கூறுவோம். ஆடி இறுதியில் நீர்மட்டம் 46 அடியில் எத்துணைப் பங்கோ, ஒரு ரூபாயில் அத்துணைப் பங்கு தரும் சீட்டு ஒன்று. 23 அடியாயின் 50 பைசா தரும். இதனை நிறைவுச் சீட்டு என்க. லுகாசியேவிச்சின் தருக்கத்தில் ஒரு கூற்றைத் தன்னோடு தானே கூட்டலாம். கூட்டிய அளவு இருமடங்காகும், ஒன்றைக் கடவாது. அவ்வாறு பெற்றதை இருமடிச் சீட்டு என்க. நீர் 23 அடி எட்டியவுடன் இது முழு ரூபாய் தரும். அதற்குக் கீழ் நிறைவுச் சீட்டின் இரட்டி தரும். ஈர்விடைத் தருக்கத்தில் 'உண்டு அல்லது உண்டு' என்பது 'உண்டு' என்பதே. ஆகலின் இரண்டு சீட்டுக்கும் விலை ஒன்றாதல் வேண்டும். பல்படித் தருக்கத்தில் அங்ஙனம் வேண்டுவதில்லை.

நிறைவுக்கு 60, இருமடிக்கு 55 எனின் இயைபில்லை. இருமடி எப்போதும் நிறைவினுங் குறையாதாகலின், முன்னதை விற்றுப் பின்னதை வாங்குவோன் 5 பைசாவை உறுதியாகப் பெறுவான். நிறைவுக்கு 40, இருமடிக்கு 90 எனினும் இயைபில்லை. நிறைவுச் சீட்டு இரண்டை 80-க்கு வாங்கி, இருமடி ஒன்றை 90-க்கு விற்பவனுக்கு 10 பைசா உறுதி. நிறைவுக்கு 60, இருமடிக்கு 90 எனின்? ஈர்விடைத் தருக்கத்தார் இதனை உடனே தள்ளுவர். பல்படியிலோ இது குற்றமற்றது. பத்துப் பங்கில் ஒரு பங்கு அணை வறண்டும், ஆறு பங்கு 23 அடியிலும், மூன்று பங்கு 46 அடியிலும் நிற்கும் என்று கொள்வோமாயின், நிறைவின் சராசரி முப்பதும் முப்பதும் கூடி அறுபதாம். இருமடியின் சராசரி அறுபதும் முப்பதும் கூடித் தொண்ணூறாம். இங்ஙனம் சராசரி காட்டப்பட்ட பட்டியலை எவ்வெதிரியும் உறுதியாக வெல்ல இயலாது. நீர்மட்டம் எதுவாயினும் அவன் வென்றேதீர்வானாயின், அம்மூன்று மட்டங்களின் சராசரியிலும் வெல்லுதல் வேண்டும், ஆண்டு அவன் ஊதியமோ சுழி. ஒரே பட்டியல் ஒரு தருக்கத்தில் அறிவின்மை, மற்றொன்றில் அறிவுடைமை. தருக்க நூல் கைப்பொருளைத் தொடுவது இவ்வாறு.

இதனைப் பொதுவாக்கி நிறுவியவர் இத்தாலிய நாட்டு தானியேல் முந்திச்சி. மெய்யளவைச் சராசரி காணும் முறையை அவர் 1995-இல் வகுத்தார். எண்ணிறந்த படிகளையுடைய நிகழ்ச்சிகளின்மேற் குறித்த விலைகள் இயைபுடையனவாதற்கு அத்தகைய சராசரி ஒன்று உண்மையே வேண்டுவதும் போதுவதும் ஆகிய இலக்கணம் என்று 2006-இல் வெளியிட்டார். டி பினெட்டியின் தேற்றம் அவ்வாறே பல்படிக்கும் ஏறிற்று.

இலக்கணம் கிடைத்தது, இலக்கியத்தில் அதனைக் காண்டல் எளிதோ? இருபது ஏரிகளைப்பற்றி விலைப்பட்டியல் ஒன்று தரப்பட்டது எனக் கொள்க. ஏரி ஒவ்வொன்றும் நிறைந்தது, நிறையாதது என இரண்டே நிலையுடையதாயினும் உலகங்கள் 10,48,576 ஆம். முப்பதாயின் 107 கோடிக்கு மேலாம். ஏழு பங்கத்தை ஈன்ற அதே இரட்டிப்பு இது. இவ்வளவினை ஒவ்வோருலகமாக நோக்கி முடித்தல் கணிப்பொறிக்குக் கூடும். நூறு ஏரி எனின் எந்தக் கணிப்பொறிக்கும் கூடாது. பல்படியிலோ ஒரே ஏரிக்கு நிலை எண்ணிறந்தன. நோக்கி முடித்தல் என்னும் பேச்சே இல்லை.

விலைகள் தம்முள் இயைதற்கு வேண்டும் நிபந்தனைகளை ஜார்ஜ் பூல் 1854-ஆம் ஆண்டு நூலிலேயே தேடினார். அதன் கடினத்தை அளக்கும் கோல் அன்று இல்லை. அக்கோலை 1971-இல் ஸ்டீபன் குக் அமைத்தார். விடை காண்டல் எத்துணை அரிதாயினும், காட்டிய விடையைச் சரிபார்த்தல் விரைவில் முடியுமாயின் அவ்வகை வினாக்களை என்.பி. என்னும் குழுவில் வைத்தனர். அக்குழுவுள் யாவற்றினும் கடினமாயுள்ளவற்றை என்.பி. முழுமை என்றனர், அவற்றுள் ஒன்றுக்கு விரைவழி கிடைப்பின் குழு முழுமைக்கும் கிடைக்கும். நளன் மரத்தை வெட்டி எண்ணிய கதையில் சரிபார்த்தலே பெரும்பாடாயிற்று; இக்குழுவினவற்றில் இருதுபன்னன் கூறும் சொல்லோடு சிறியதொரு சான்றோலையும் நீட்டுவான், நளன் தேரினின்றும் இறங்காமலே பார்த்து முடிக்கலாம்.

ஈர்விடை நிகழ்ச்சிகளின் இயைபு என்.பி. முழுமை என்பது 1988-இல் ஜியார்ஜகோபுலோஸ், கவ்வாதியாஸ், பாபதிமித்ரியூ என்னும் மூவர் ஆராய்ச்சியில் வெளிப்பட்டது. முந்திச்சி 1987-இலேயே, பல்படித் தருக்கத்தில் ஒரு வாய்பாடு மெய்யாகத்தகுமோ என்னும் வினாவும் என்.பி. முழுமையே என்று காட்டியிருந்தார். எஞ்சியது பல்படிப் பந்தயத்தின் இயைபு. அது 2010-ஆம் ஆண்டில் சிமோனே போவா, தொம்மாசோ பிளாமினியோ என்னும் இருவரால் முடிந்தது. அதுவும் என்.பி. முழுமை; ஈர்விடைக்கு மேல் ஒருபடியும் கடினமன்று. எண்ணிறந்த மெய்யளவைப் புகுத்தியும் சுமை ஏறாமை எம் உள்ளத்தைப் பெரிதும் ஈர்த்தது.

அஃது எங்ஙனமெனின், மேற்கூறிய அணையே விடை கூறும். அங்கே சீட்டு இரண்டு. சான்றாக வேண்டிய நீர்மட்டம் மூன்று. சீட்டு எத்தனையோ அதனினும் ஒன்று மிகுந்த உலகங்கள் போதும் என்பது கராதியோடரி என்னும் கணித நூலாரின் பழைய தேற்றம். இருபது சீட்டுக்கு இருபத்தொரு உலகம். எண்ணிறந்தவற்றுள் எவ்விருபத்தொன்று எனின், லுகாசியேவிச்சின் கூற்றுக்கள் யாவும் நேர்கோட்டுத் துண்டுகளால் ஆயவை, அத்துண்டுகளின் கெழுக்கள் முழுவெண்கள் என்று 1951-இல் மக்நாட்டன் நிறுவியது துணைசெய்யும். கோடுகள் மடங்கும் இடங்களே வேண்டப்படுவன. இருமடிச் சீட்டு மடங்குவது 23 அடியில். ஆகவே 0, 23, 46 என்னும் மூன்றே போதின. 17 அடி, 31 அடி என்பவற்றை நோக்கவேண்டிற்றில்லை. மடங்கும் இடங்கள் சிறு பின்னங்களாகவே அமையும், அவற்றை எழுதும் ஏடு பட்டியலின் நீளத்துக்குத் தக்க அளவே நீளும் என்பது அவ்விருவர் செய்த நுணுக்கம். சான்றோலை சிறிதாயிற்று, சரிபார்த்தல் விரைவாயிற்று.

ஆயினும் சான்றோலையைக் கண்டுபிடித்தல் என்னும் தொழில் அப்படியே நிற்கின்றது. பட்டியல் பெருகின், விலை குறிப்போன் தன் பட்டியல் இயைபுடையதோ என்று தானே அறிந்துகொள்ளும் விரைவழி இன்று எவர்க்கும் தெரியாது. பந்தயம் ஏற்போனைப்பற்றி டி பினெட்டி வகுத்த அறிவுடைமை, சிற்றறிவுடைய உயிருக்கு எப்போதும் முற்றும் கைகூடுவதொன்றன்று என்பது இதனாற் பெறப்படும். முற்றறிவுடையான் பந்தயம் கட்டவேண்டாதவன். திருக்கோவலூர் மெய்ப்பொருள் நாயனாரைப்போல வேடமே மெய்யென்று விலைபேசாது கொடுத்தாரும் இக்கணக்கின் புறத்தே நிற்பவர். இடைநின்ற ஏனையோர்க்கே இவ்வாராய்ச்சி. சரிபார்த்தல் எளிதாய வினாக்களுக்கெல்லாம் விடைகாண்டலும் எளிதோ என்னும் பொதுவினாவுக்கு விடை கூறுவார்க்கு அமெரிக்க நாட்டுக் கிளே கணித நிறுவனம் 2000-ஆம் ஆண்டிற் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அப்பரிசு இன்னும் கொடுபடவில்லை.